கஞ்சா: மருந்து எது, ஆபத்து எது?

(நம் அறக்கட்டளை சார்பில் இராயபுரத்தில் அஸர் தொழுகைக்குப் பின் நடைபெற்ற குடும்ப நல விழிப்புணர்வுக் கூட்டத்தில், வடசென்னையைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை. கூட்டத்திற்கு வர இயலாத குடும்பங்களுக்காக இங்கே தருகிறோம்.)



ஜமாஅத் பெரியவர்களே, சகோதரர்களே, திரைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே! பள்ளிப் பிள்ளைகளும் வந்திருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ், அவர்களும் கேட்க வேண்டிய பேச்சுதான் இது.

போன முறை இதே கட்டடத்தில் நடந்த மருத்துவ முகாமில் ஒரே நாளில் இரண்டு தாய்மார்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். முதலாவது அம்மா திருவொற்றியூரிலிருந்து வந்தவர். கணவருக்குப் புற்றுநோய். இரவெல்லாம் வலியில் தூங்குவதில்லை. கைப்பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து மேசை மேல் வைத்தார். "டாக்டர், இது கஞ்சா எண்ணெயாம். நாக்குக்கு அடியில் நாலு சொட்டு விட்டால் கட்டி கரைந்துவிடும் என்று சொல்லி எட்டாயிரம் வாங்கிக்கொண்டார்கள். கொடுக்கலாமா?" என்று கேட்டார்.

அடுத்த அம்மா கதவைச் சாத்திவிட்டுத்தான் உட்கார்ந்தார். பதினேழு வயது மகன். பள்ளிக்குப் போவதில்லை. சட்டைப் பையில் பொட்டலம் இருந்திருக்கிறது. கேட்டதற்கு அந்தப் பையன், "வெளிநாட்டில் டாக்டரே எழுதிக் கொடுக்கிறான், இது மூலிகைதானே அம்மா" என்று சொல்லியிருக்கிறான். "அவன் சொல்வது உண்மையா டாக்டர்?" என்று அந்த அம்மா கேட்டார்.

ஒருவர் கொடுக்கலாமா என்கிறார், இன்னொருவர் எப்படி நிறுத்துவது என்கிறார். இருவரையும் என்னிடம் கொண்டுவந்து சேர்த்தது ஒரே செடி. அன்றைக்கு ஆளுக்குப் பத்து நிமிடம்தான் பேச முடிந்தது. இன்று இன்ஷா அல்லாஹ் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

செடி வேறு, மருந்து வேறு

கஞ்சாவில் மருத்துவக் குணமே இல்லை என்று நான் சொல்லப் போவதில்லை. அப்படிச் சொன்னால், வீட்டில் கைப்பேசியைப் பார்க்கும் உங்கள் பிள்ளை முதல் நிமிடத்திலேயே என்னைப் பொய்யன் என்று முடிவு செய்துவிடுவான். பிறகு நான் சொல்லும் எந்த உண்மையும் அவன் காதில் ஏறாது.

இந்தச் செடியைப் பற்றி நம் முன்னோர்களும் எழுதியிருக்கிறார்கள். 1248இல் திமிஷ்கில் இறந்த தாவர அறிஞர் இப்னுல் பைத்தார், எகிப்தின் தோட்டங்களில் இந்தியக் கஞ்சாவைப் பார்த்து, சிறிதளவே போதை தருவதையும், அளவு மீறினால் புத்தி பேதலிப்பதையும் பதிவு செய்தார். ஸர்கஷீ போன்ற உலமாக்கள் இதற்கென்றே தனி நூல் எழுதி, போதைக்காக உண்பது ஹராம் என்று வாதிட்டார்கள். மருந்தாக என்ன நிலை என்ற கேள்வியும் அன்றே எழுந்தது. மார்க்கத் தீர்ப்பை நீங்கள் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் மருத்துவத்தோடு நின்றுகொள்கிறேன்.

சித்தா, ஆயுர்வேதம், யுனானி மூன்றிலும் இதற்கு இடம் உண்டு. ஆனால் மருந்துச் சட்டத்தில் எங்கே வைத்திருக்கிறார்கள் தெரியுமா? நச்சுப் பொருள்களின் அட்டவணையில். இது சேர்ந்த மருந்தை மருத்துவர் மேற்பார்வையில்தான் உட்கொள்ள வேண்டும் என்று புட்டியின் மேல் எச்சரிக்கை அச்சிட வேண்டும். ஆங்கில மருத்துவத்துக்கு இதை அறிமுகப்படுத்தியவர் கல்கத்தாவில் பணியாற்றிய ஓஷாநெஸ்ஸி என்ற டாக்டர். 1839இல் வாத வலிக்கும் வில்வாத ஜன்னிக்கும் குழந்தைகளின் வலிப்புக்கும் கொடுத்துப் பார்த்து எழுதினார்.

இப்போது விஞ்ஞானம் என்ன சொல்கிறது? இந்தச் செடியில் நூற்றுக்கும் மேற்பட்ட தனி ரசாயனங்கள் உண்டு. அவற்றில் இரண்டை மட்டும் நினைவில் வையுங்கள். ஒன்று டிஹெச்சி, போதை தருவது. இன்னொன்று சிபிடி, போதை தராதது. நம் மூளையே கஞ்சாவைப் போன்ற ஒரு பொருளை மிகச் சிறிய அளவில் சுரக்கிறது. 1992இல் அதைக் கண்டுபிடித்தவர்கள் 'ஆனந்தம்' என்ற நம் நாட்டுச் சொல்லிலிருந்தே அதற்கு அனந்தமைடு என்று பெயர் வைத்தார்கள். பசி, தூக்கம், வலி, நினைவு, பயம் எல்லாவற்றையும் சீராக வைக்க அது உதவுகிறது. கஞ்சா புகை உள்ளே போனால் அந்தப் பூட்டுகளில் எல்லாம் கள்ளச்சாவி நுழைவது போல டிஹெச்சி நுழைகிறது. அதனால்தான் ஒரே பொருள் வலியையும் குறைக்கிறது, நினைவையும் கெடுக்கிறது.

நிரூபிக்கப்பட்ட பலன்கள்

நிரூபணம் உள்ளவற்றைக் கை விரலில் எண்ணிவிடலாம்.

ஒன்று, குழந்தைகளுக்கு வரும் சில அரிய வலிப்பு நோய்கள். டிராவே, லெனாக்ஸ்-காஸ்டோ என்று பெயர். மற்ற மருந்துக்குக் கட்டுப்படாத இந்த வலிப்புகளுக்கு, சுத்திகரித்த சிபிடி திரவத்தை 2018இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்தது. அதையும் குழந்தையின் எடையைப் பார்த்து அளவு கணக்கிட்டு, ஈரல் பரிசோதனை செய்துதான் கொடுக்கிறார்கள். எல்லா வலிப்புக்கும் அல்ல.

இரண்டு, கீமோதெரபி எடுப்பவர்களுக்கு வரும் வாந்தி. 1985இல் டிஹெச்சியை மாத்திரையாக அனுமதித்தார்கள். அன்று அதைவிட நல்ல மருந்துகள் குறைவு. 1991இல் ஒண்டான்செட்ரான் வந்தது. இன்று நம் அரசு மருத்துவமனைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் வாந்தி மாத்திரை அது. எனவே டிஹெச்சி இன்று முதல் மருந்து அல்ல, மற்றவை பலிக்காதபோது வருவது.

மூன்று, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோயில் வரும் தசை இறுக்கம். 2010இல் பிரிட்டனில் வாயில் தெளிக்கும் மருந்தாக அனுமதித்தார்கள்.

நான்கு, பெரியவர்களின் நாள்பட்ட வலி. 2017இல் அமெரிக்க தேசிய அகாடமிகள் ஆயிரக்கணக்கான ஆய்வுகளைப் பார்த்துவிட்டு, வலியில் பலன் உண்டு என்று ஒப்புக்கொண்டன. ஓரளவு குறைக்கும், அவ்வளவுதான். அதே அறிக்கைதான் மனச்சிதைவு, சாலை விபத்து, குறைந்த எடையில் குழந்தை பிறத்தல், நாள்பட்ட மார்ச்சளி ஆகியவற்றோடு கஞ்சாவுக்கு வலுவான தொடர்பு உண்டு என்றும் சொன்னது. பையன்கள் பார்க்கும் காணொளிகளில் அறிக்கையின் முதல் பாதி மட்டும்தான் வருகிறது.

2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் போதைப்பொருள் ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து நீக்க வாக்களித்தது. 27 நாடுகள் ஆதரவு, 25 நாடுகள் எதிர்ப்பு. இந்தியாவும் ஆதரித்தது. "பார்த்தாயா, உலகமே அனுமதித்துவிட்டது" என்று இதைப் பரப்புகிறார்கள். மருத்துவ ஆராய்ச்சிக்கு வழி திறக்க எடுத்த முடிவு அது. கட்டுப்பாட்டுக்குரிய பொருள்களின் முதல் பட்டியலில் கஞ்சா இன்றும் இருக்கிறது.

கசகசாச் செடியின் பாலிலிருந்துதான் மார்ஃபின் வருகிறது. அதற்காக, வலி வந்தால் அபின் உருண்டையை விழுங்கு என்று எந்த மருத்துவரும் சொல்வாரா? செடியிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து, அளவிட்டு, எந்த நோய்க்கு, எத்தனை நாள் என்று சோதித்த பிறகுதான் அது மருந்தாகிறது. ரயில்வே கேட் ஓரத்தில் விற்கும் பொட்டலத்தில் டிஹெச்சி எவ்வளவு, பூச்சிமருந்து எவ்வளவு, பூஞ்சை எவ்வளவு என்று விற்பவனுக்கே தெரியாது.

எட்டாயிரம் ரூபாய்க் குப்பி

முதல் தாயின் கேள்விக்கு வருகிறேன். கஞ்சா எண்ணெய் கட்டியைக் கரைக்குமா? கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுச் செல்களைச் சில கஞ்சாப் பொருள்கள் அழிக்கின்றன என்பது உண்மை. கண்ணாடித் தட்டில் அவற்றை அழிக்கும் பொருள்கள் எத்தனையோ உண்டு. மனித உடலில் புற்றுநோயைக் குணப்படுத்தியதாக நிரூபணம் இல்லை. இதை நம்பிக் கீமோவையும் ரேடியேஷனையும் பாதியில் நிறுத்துவதுதான் உயிரிழப்புக்கு வழி. 'விஜயா' என்ற பெயரில், ஆயுஷ் உரிமத்தோடு, இலைச் சாறு சேர்த்த எண்ணெய்கள் விற்கப்படுவது உண்டு. அவற்றுக்கும் மருத்துவர் சீட்டு வேண்டும், அவையும் புற்றுநோயை ஒழிக்கும் மருந்து அல்ல. உரிமமும் முகவரியும் இல்லாத குப்பியைத் தொடவே தொடாதீர்கள். இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் வார்ஃபரின், சில வலிப்பு மாத்திரைகள் இவற்றோடு சிபிடி மோதும்.

அந்தச் சகோதரருக்குத் தேவைப்பட்டது வலி மருந்து. புற்றுநோய் வலிக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது மார்ஃபின். 2014இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி, அத்தகைய அத்தியாவசிய வலி மருந்துகள் மருத்துவமனைகளுக்கு எளிதாகக் கிடைக்க வழி செய்தார்கள். பெரிய அரசு மருத்துவமனைகளிலும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலும் வலித்தணிப்பு மருத்துவத்துக்கென்றே மருத்துவர்கள் இருக்கிறார்கள். "வலி தாங்கவில்லை, பாலியேட்டிவ் பிரிவுக்கு அனுப்புங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் வசதி உண்டு. உங்கள் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். மார்ஃபின் கொடுத்தால் அடிமையாகிவிடுவார் என்று பயந்து வலியிலேயே விட்டுவிடுகிறோம். அதே வீட்டில், யாரோ கொடுத்த குப்பியை நம்பி எட்டாயிரம் ரூபாயைத் தூக்கிக் கொடுக்கிறோம்.

எண்ணூர்ப் பக்கம் இன்னொரு பேச்சும் உலவுகிறது. நமக்குத் தெரியும், அனல்மின் சாம்பலும் தொழிற்சாலைப் புகையும் சுவாசித்த மார்பு இந்தப் பகுதி மக்களுக்கு. 2023 டிசம்பர் 26 இரவு அமோனியா கசிந்தபோது குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கலாம். அந்த இளைப்புக்குக் கஞ்சா நல்லது என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். டிஹெச்சி மூச்சுக்குழலைச் சற்று நேரம் விரிப்பது உண்மைதான். ஆனால் அதைச் சுமந்து வரும் புகை அதே குழலைப் புண்ணாக்குகிறது. பீடித் தூளோடு கலந்து சுருட்டினால் நிகோட்டின் அடிமைத்தனமும் இலவசமாகச் சேர்கிறது. இளைப்புக்கு இன்ஹேலர் இருக்கிறது, அரசு மருத்துவமனையில் இலவசம்.

பதினேழு வயது மூளை

இரண்டாவது தாயின் கேள்வி கடினமானது. என் சொந்த வீட்டிலிருந்து தொடங்குகிறேன்.

நான் தண்டையார்பேட்டையில் வளர்ந்தவன். அத்தா துறைமுகத்தில் வேலை. பெரியம்மா மகன், எனக்கு அண்ணன் முறை, எங்கள் தெருவிலேயே நன்றாகப் படித்தவர். பதினாறு வயதில் ஆரம்பித்தார். பத்தொன்பதில், பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்றார். மின்விசிறிக்குள் ஒலிபெருக்கி இருக்கிறது என்றார். பெரியம்மா யாரிடமும் சொல்லவில்லை. தங்கை நிக்காஹ் தடைப்படும் என்ற பயம். ஓதி ஊதினார்கள், தாயத்துக் கட்டினார்கள், ஓர் அறையில் வைத்துப் பூட்டினார்கள். நான்கு வருடம் கழித்துத்தான் மருத்துவரிடம் கொண்டுபோனார்கள். மருந்தில் தேறினார், ஆனால் பழைய அண்ணன் முழுதாகத் திரும்பவில்லை. அந்த நான்கு வருடம்தான் இன்றும் என்னை உறுத்துகிறது. நான் மனநல மருத்துவம் படித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கஞ்சா குடிப்பவர்கள் எல்லாருக்கும் மனநோய் வருமா? வராது. பெரும்பாலானவர்களுக்கு வருவதில்லை. 1893-94இல் ஆங்கில அரசு ஏழு பேர் கொண்ட ஆணையம் அமைத்து, இந்தியா முழுதும் 1,193 சாட்சிகளை விசாரித்தது. மனநோய் விடுதிகளின் பதிவேடுகளையும் ஆராய்ந்தது. நோய்க்குக் காரணம் என்ற கட்டத்தில், சரியாக விசாரிக்காமலேயே 'கஞ்சா' என்று எழுதிவைத்திருப்பதை அந்த ஆணையம் கண்டுபிடித்தது. மிதமாகப் பயன்படுத்தும் பெரியவர்களுக்குப் பெரிய தீங்கில்லை, அளவு மீறினால் தீங்கு என்று முடிவு சொன்னது. கஞ்சாவுக்கு ஆதரவாகப் பேசுபவர்கள் இன்றும் காட்டும் ஆவணம் இதுதான்.

ஆனால் அந்த ஆணையம் பார்த்தது வேலை செய்து முடித்த பெரியவர்களை. நம் கவலை ஒன்பதாம் வகுப்புப் பையனைப் பற்றியது. அதற்கான பதில் 1987இல் சுவீடனிலிருந்து வந்தது. இராணுவப் பயிற்சிக்கு வந்த சுமார் 45,000 இளைஞர்களை 15 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். பதினெட்டு வயதுக்குள் ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா எடுத்திருந்தவர்களுக்குப் பின்னாளில் மனச்சிதைவு வருவது மற்றவர்களைவிட ஆறு மடங்கு அதிகமாக இருந்தது. 2019இல் ஐரோப்பாவில் நடந்த ஆய்வு, வீரியம் கூடிய கஞ்சாவைத் தினமும் எடுப்பவர்களுக்கு மனநோய் ஆபத்து சுமார் ஐந்து மடங்கு என்றது.

மனித மூளை கட்டி முடிய ஏறக்குறைய இருபத்தைந்து வயதாகும். கான்கிரீட் இறுகுவதற்குள் அதன் மேல் லாரி ஏற்றினால் என்ன ஆகும்? நாற்பது வயதுக்காரர் தாங்குவதைப் பதினைந்து வயது மூளை தாங்காது. குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்திருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல். பழகியவர்களில் சுமார் பத்தில் ஒருவர் அடிமையாகிறார். பதின்ம வயதில் தொடங்கினால் ஆறில் ஒருவர்.

வேறு ஆபத்துகளையும் சொல்லிவிடுகிறேன். கண்டெய்னர் லாரி, கிரேன், மீன்பிடி விசைப்படகு ஓட்டுபவருக்கு ஒரு நொடி தாமதம் போதும். போதை தெளிந்துவிட்டது என்று அவர் நினைக்கும் போதும் கை மெதுவாகத்தான் வேலை செய்யும். கர்ப்பிணிகள் புகைத்தால் குழந்தை எடை குறைந்து பிறக்கும். நீண்ட நாள் எடுப்பவர்களில் சிலருக்கு நிற்காத வாந்தி வரும், வெந்நீரில் குளித்தால் மட்டும் அடங்கும். வயிற்று டாக்டரிடம் மாதக்கணக்கில் அலைவார்கள், கஞ்சாவைச் சொல்ல மாட்டார்கள். 'கஞ்சா சாக்லேட்' பிடிபட்ட செய்திகளைப் படிக்கிறீர்கள். தின்றால் வேலை செய்ய ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். ஒன்றும் ஆகவில்லையே என்று இன்னொன்று தின்று, நெஞ்சு படபடத்து அவசரப் பிரிவுக்கு வருகிறார்கள். சிறு குழந்தை கையில் அது கிடைத்தால் மயங்கிவிடும். உடனே 108க்கு அழையுங்கள். என்ன தின்றது என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம்தான் நடப்பில் உள்ளது. கஞ்சா உட்கொண்டாலே ஆறு மாதம் வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கையில் வைத்திருந்தால் ஒரு கிலோ வரை 'சிறிய அளவு', ஓராண்டு வரை சிறை. ஒரு கிலோவுக்கு மேல் போனால் பத்தாண்டு வரை. இருபது கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு, குறைந்தது பத்தாண்டு, ஜாமீனே அரிது. ஆந்திரா, ஒடிசா பக்கமிருந்து வரும் ரயிலில், "இந்தப் பையைக் கொஞ்சம் பார்த்துக்கொள் தம்பி, ஆயிரம் ரூபாய் தருகிறேன்" என்று சொல்பவனை நம்பிய பிள்ளைகள் சிறையில் இருக்கிறார்கள். இதைப் பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்லுங்கள்.

வெளிநாடு போகும் குடும்பங்கள் நம்மில் அதிகம். இங்கே சிறிய அளவு எனப்படும் ஒரு கிலோ, சிங்கப்பூரில் தூக்குக் கயிறு. அங்கே 500 கிராமுக்கு மேல் கடத்தினால் மரண தண்டனை. 2023 ஏப்ரல் 26 அன்று சிங்கப்பூர்த் தமிழர் ஒருவரை, ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமான கஞ்சாவைக் கடத்த உடந்தையாக இருந்தார் என்று தூக்கிலிட்டார்கள். சில வளைகுடா நாடுகளில் சிறுநீரில் தடயம் இருப்பதே வழக்குக்குப் போதும். தினமும் எடுத்தவரின் சிறுநீரில் அந்தத் தடயம் ஒரு மாதம்கூட இருக்கும். கப்பல் வேலைக்குப் போகும் தம்பிகளே, மருத்துவப் பரிசோதனையில் அது தெரிந்தால் கனவு கரையிலேயே முடிந்துவிடும்.

இதே சட்டத்தில் பலருக்குத் தெரியாத ஒரு வாசலும் இருக்கிறது. 64ஏ என்ற பிரிவு. உட்கொண்டதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கிய போதை அடிமை, தானே முன்வந்து, அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ சிகிச்சை எடுத்துக்கொண்டால் அந்த வழக்கிலிருந்து அவருக்குப் பாதுகாப்பு உண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் பாதுகாப்பும் போய்விடும். உங்கள் மகன் பெயரில் வழக்கு இருந்தால் இந்தப் பிரிவை வழக்கறிஞரிடம் கட்டாயம் கேளுங்கள். வழக்கே இல்லாவிட்டால் பயமே வேண்டாம். சிகிச்சைக்கு வருபவரைப் பிடித்துக் கொடுப்பது மருத்துவரின் வேலை அல்ல.

பிள்ளை மாட்டிக்கொண்டால்

எப்படிக் கண்டுபிடிப்பது? கண் சிவப்பு, திடீர்ப் பசி, இரவும் பகலும் மாறிய தூக்கம், படிப்பில் சரிவு, காரணமில்லாமல் பணம் குறைவது, பழைய நண்பர்களை விட்டு விலகுவது. இவற்றில் ஒன்றிரண்டு இருந்தாலே கஞ்சா என்று முடிவு கட்டாதீர்கள். ஆனால் தனியாகப் பேசுவது, எல்லாரும் தனக்கு எதிரி என்பது, காதில் குரல் கேட்பது இவை வந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். அது அவசர நோய்.

அடிக்காதீர்கள். வீட்டை விட்டுத் துரத்தாதீர்கள். துரத்திய பிள்ளைக்கு இடம் கொடுக்க ஆள் இருக்கிறான், விற்பவன்தான் அவன். போதை தெளிந்த நேரத்தில், தம்பி தங்கைகள் இல்லாத இடத்தில் உட்கார்த்திப் பேசுங்கள். எப்போது ஆரம்பித்தாய், எதனால் தேவைப்படுகிறது என்று கேளுங்கள். தூக்கமின்மை, பயம், அத்தாவின் குடி, பள்ளியில் அவமானம், ஏதோ ஒன்று அடியில் இருக்கும்.

நிறுத்தியதும் முதல் ஒன்றிரண்டு நாளில் எரிச்சலும் தூக்கமின்மையும் தொடங்கும், முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போகும், பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தணியும். அந்த இரண்டு வாரம் யாராவது ஒருவர் கூட இருங்கள். இதற்கென்று தனி மாத்திரை இல்லை. ஆலோசனைச் சிகிச்சைதான் முக்கியம், மனநோய் சேர்ந்திருந்தால் மருந்தும் உண்டு. நம் பகுதிக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு பக்கம். 1794 முதல் இயங்கும் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. 2025 முதல் 'கலங்கரை' என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் போதை மீட்பு மையங்கள் திறந்திருக்கிறார்கள். நேரில் வரத் தயங்குபவர்கள் 14416 என்ற மனநல உதவி எண்ணிலோ, 14446 என்ற போதை மீட்பு எண்ணிலோ பேசலாம். இரண்டும் இலவசம்.

தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்ப்பதானால், மாநில மனநல ஆணையத்தின் பதிவு இருக்கிறதா என்று பார்த்துச் சேருங்கள். "மூன்று மாதம் பார்க்கவே வரக்கூடாது" என்று சொல்லும் இடத்துக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

தாய்மார்களே, 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். ஏர்வாடியில் ஒரு தனியார் மனநல விடுதியில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். குடும்பங்கள் வேண்டுமென்று செய்யவில்லை. வெட்கத்தாலும் அறியாமையாலும் கொண்டுபோய் விட்டார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் யாரையும் எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்கிறது. ஏர்வாடி தர்காவிலேயே இன்று மருந்தும் துஆவும் சேர்ந்த திட்டத்தில் மருத்துவர்கள் சிகிச்சை தருகிறார்கள். துஆ செய்யுங்கள், யாரும் தடுக்கவில்லை. மருந்தையும் கூடவே கொடுங்கள்.

மஹல்லாவுக்கும் ஒரு வேண்டுகோள். 2019இல் எய்ம்ஸ் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, கஞ்சா வகைப் பொருள்களால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படுபவர்கள் நாட்டில் சுமார் 72 லட்சம் பேர். அவர்களில் நம் தெருப் பிள்ளைகளும் உண்டு. ஒரு பையன் சிகிச்சைக்குப் போனான் என்று தெரிந்தால், அந்த வீட்டுப் பெண்ணின் சம்பந்தத்தைக் கலைக்காதீர்கள். நம் வாய்க்குப் பயந்துதான் என் பெரியம்மா நான்கு வருடம் கதவைப் பூட்டி வைத்தார்.

அந்த இரண்டு தாய்மார்களைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். திருவொற்றியூர் அம்மா குப்பியை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். கணவருக்கு வலி மருந்து கிடைத்தது. நோய் தீரவில்லை, அது அல்லாஹ்வின் நாட்டம். ஆனால் கடைசி மாதங்களில் உட்கார்ந்து தொழுதார், பேரனோடு பேசினார், தூங்கினார். அந்தப் பதினேழு வயதுப் பையன் மூன்று தடவை சிகிச்சைக்கு வந்தான், நடுவில் ஒரு தடவை வழுக்கினான், திரும்ப வந்திருக்கிறான். போன வாரம் என்னிடம், "டாக்டர், அம்மா அடிப்பாங்கன்னு நினைச்சேன், அழுதாங்க, அதான் வந்தேன்" என்றான்.

உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், இன்று மஃரிபுக்குப் பிறகு நான் இங்கேயே இருப்பேன். மாடியில் தனி அறை இருக்கிறது. பெயர் எழுத வேண்டியதில்லை. வாருங்கள், பேசுவோம்.

அல்லாஹ் நம் பிள்ளைகளையும் நோயாளிகளையும் பாதுகாப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும்.